மூட்டை கட்டத் தெரிஞ்ச மனுசன்

ஏலே மருமவனே, ஃபுட்பால் கோச் வேலை கிடைச்சிருக்காம்ல உனக்கு. உங்கம்மா தெரு முனையில நின்னு நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி சொன்னா. ரொம்ப சந்தோசம். சால்வை ஒண்ணு எடுத்துப் போத்தணும்னு உன் அத்தை கிளம்புனா, நாந்தான் தடுத்துட்டேன். சால்வையை வச்சு நீ என்ன செய்யப் போற? சக்கரம் வச்ச பெட்டியா ஒண்ணு வாங்கித் தாரேன். அந்த உத்தியோகத்துல அடிக்கடி தேவைப்படுறது அதுதான்.

சிரிக்காத. நீ லெப்ட் பேக்கு. பின்னால நின்னு பந்தை வெரட்டுனவன் கோச்சா வந்து ஒக்காந்தா என்னென்ன நடக்கும்னு தெரியணும்னா, ஸ்பெயின் தேசத்துல ஒருத்தன் கதையைக் கேளு. பேரு ஹோசே அந்தோனியோ கமாச்சோ. அவனும் லெப்ட் பேக்குதான். உன்னையும் அவனையும் ஒரே மூச்சுல சொன்னதுக்கு அவன் கோவிச்சுக்குவான், அது கெடக்கட்டும்.

ஜெயிச்ச கோச்சு உலகத்துல ஆயிரம் பேரு இருக்கான். எனக்கு இந்த மனுசனைப் பிடிச்சது அதுக்காக இல்ல. வேலையை விட்டுட்டுப் போற அழகுக்காக. ரியல் மாட்ரிட் கிளப்புல கோச் நாற்காலியில ஒக்கார எத்தனையோ பேரு வருசக்கணக்கா தவம் கெடக்கான். கமாச்சோ அந்த நாற்காலியை ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை ‘நீங்களே வச்சுக்கிடுங்க’ன்னு தள்ளிவிட்டுட்டுப் போனவன். அதுலயும் முதல் தடவை ஒரு ஆட்டங்கூட நடக்கறதுக்கு முன்னாலயே.

அவசரப்படாத, நீயும் அப்படிச் செய்யலாம். ஆனா அதுக்கு முன்னால அவன் என்ன செஞ்சிருந்தான்னு கேட்டுட்டுப் போ.

1955-ல முர்சியா சீமையில சியேசாங்கிற ஊருல பொறந்தான். பீச் பழத் தோட்டத்துக்குப் பேரு போன ஊரு. பக்கத்து அல்பாசேத்தே கிளப்புல ஆடிக்கிட்டிருந்த பயலை ரியல் மாட்ரிட்காரன் கண்ணு வச்சுக் கூட்டிட்டுப் போனான். 1974-ல, பதினெட்டு வயசுல, பெரிய டீமுக்கு எறங்குனான். எறங்குனவன் 1989 வரைக்கும் வேற கிளப்புச் சட்டையே போடல. லீக்ல மட்டும் 414 ஆட்டம். லீக் பட்டம் 9, மன்னர் கோப்பை 5, யூஇஎஃப்ஏ கோப்பை 2. ஸ்பெயின் நாட்டுக்காக 81 ஆட்டம். இந்தக் கணக்கெல்லாம் தலைகீழா ஒப்பிக்கிற மனுசனுக்குக் கல்யாண நாள் மட்டும் வருசா வருசம் மறந்து போகுதேன்னு உன் அத்தைக்கு மனத்தாங்கல்.

களத்துல அவன் வேலை ரொம்பச் சின்னது. எதிர் டீம்ல எவன் ரொம்பக் கெட்டிக்காரனோ, அவனை விட்டு அகலக் கூடாது. அவ்வளவுதான். மீசை கூட சரியா மொளைக்காத வயசுலயே பார்சிலோனாவுல யோஹான் கிராய்ஃபை ஒட்டிக்கிட்டுத் திரிஞ்ச பய. கிராய்ஃப் யாருன்னு கேட்டுறாத, உனக்குக் கோச் வேலை குடுத்தவன் காதுல விழுந்துறப் போகுது.

1978-ல முழங்கால் போச்சு. அந்தக் காலத்துல முழங்கால் நரம்பு அறுந்தா, சோலி முடிஞ்சதுன்னு வீட்டுக்கு அனுப்பிருவான். இவன் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் வெளிய கெடந்தான். அந்த வருசம் அர்ஜென்டினாவுல நடந்த உலகக் கோப்பையும் கைவிட்டுப் போச்சு. திரும்பி வரமாட்டான்னு பேசுனவன் வாயையெல்லாம் அடைச்சுட்டு வந்து, அதுக்குப் பெறவு பத்து வருசம் ஆடுனான். 1982, 1986 ரெண்டு உலகக் கோப்பையிலயும் நின்னான்.

லெப்ட் பேக்கு பொழப்புல ஒரு சங்கடம் இருக்கு, உனக்கே தெரியும். நூறு பந்தைத் தடுத்தா எவனும் பேச மாட்டான். ஒண்ணே ஒண்ணு தப்புனா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான். 1981-ல பாரிஸ்ல ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதுத்தாப்புல லிவர்பூல். ரெண்டாம் பாதியில நம்ம கமாச்சோவுக்குத் தனியா ஒரு வழி தெறந்துச்சு. முன்னால கோல்கீப்பர் கிளெமன்ஸ் மட்டுந்தான். அவரு தலைக்கு மேல தூக்கிப் போட்டான். பந்து கோல்கீப்பரைத் தாண்டுச்சு. கம்பத்தையும் சேத்துத் தாண்டிருச்சு. கடைசியில 1-0-ன்னு லிவர்பூல் ஜெயிச்சுட்டான். அந்த ஒத்தைக் கோலைப் போட்டவன் யாரு? ஆலன் கென்னடி. அவனும் லெப்ட் பேக்கு! கடவுளுக்கு வேடிக்கை பாக்குற குணம் உண்டுன்னு நான் சொன்னா உங்கம்மா ஒத்துக்க மாட்டா.

ஆனா விட்டதைப் பிடிக்கிறதுல அந்தக் கூட்டமே கெட்டிக்காரக் கூட்டம். 1983 டிசம்பர்ல ஸ்பெயின் ஐரோப்பியப் போட்டிக்குத் தேறணும்னா மால்டாவைப் பதினோரு கோல் வித்தியாசத்துல ஜெயிக்கணும். பாதி ஆட்டம் முடிஞ்சப்ப 3-1. வெளிய போயி டீ குடிச்சவன் குடிச்சுக்கிட்டே இருந்துட்டான். முடியறப்ப 12-1. கமாச்சோ அந்த ஆட்டத்துல இருந்தான். ரெண்டு வருசம் கழிச்சு ரியல் மாட்ரிட் ஜெர்மனியில பொருசியா மென்ஷன்கிளாட்பாக் டீம்கிட்ட 5-1-ன்னு ஒதை வாங்கிட்டு வந்து, சொந்த மைதானத்துல 4-0-ன்னு திருப்பிக் குடுத்து மேல போச்சு. அந்த வருசக் கோப்பையும் அவங்களுக்குத்தான். இப்பப் புரியுதா? இவன் வளந்த வீட்டுல ‘போதும், விடு’ங்கிற பேச்சே கெடையாது.

அப்படிப்பட்டவன் கோச்சா ஆனதும் எல்லாத்தையும் பட்டு பட்டுன்னு விட்டுட்டுப் போக ஆரம்பிச்சான் பாரு, அங்கதான் எனக்குச் சுவாரசியம். வேலைக்காரனா இருந்தப்ப ஒரு கிளப்புல பதினஞ்சு வருசம். கோச்சா ஆனப்ப அதே கிளப்புல ரெண்டு தடவையும் சேத்தா அரை வருசம் தேறாது. குணம் மாறிருச்சுன்னு நெனைக்காத. அதே குணந்தான். பிடிச்ச ஆளை விடக் கூடாதுங்கிற பிடிவாதம் களத்துல மெடலு வாங்கித் தரும். ஆபீஸ் ரூம்ல அதே பிடிவாதத்தைக் காட்டிப் பாரு, வாசக் கதவைத் தெறந்து விடுவான்.

ஆட்டத்தை நிறுத்துனதும் நேரா பெரிய நாற்காலிக்கு ஆசைப்படல. முதல்ல ரியல் மாட்ரிட்லயே ஆல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ கொஞ்ச நாள் கோச்சா இருந்தப்ப அவருக்கு ஒத்தாசையா நின்னான். இதை ஞாபகம் வச்சுக்க. உதவி கோச்சுன்னா தண்ணி பாட்டில் தூக்குறவன் இல்லைங்கிறது இவனுக்கு அப்பவே தெரியும்.

பெறவு மாட்ரிட் நகரத்துலயே கூலிக்காரச் சனங்க வாழுற வயேகாஸ் பக்கம் போனான். ராயோ வயேகானோன்னு கிளப்பு. ரெண்டாம் டிவிஷன்ல கெடந்ததை 1992-ல முதல் டிவிஷனுக்குத் தூக்கிவிட்டான். அடுத்து பார்சிலோனாவுல இருக்குற இன்னொரு கிளப்பு, எஸ்பான்யோல். அதுவும் கீழதான் கெடந்துச்சு. 1994-ல ரெண்டாம் டிவிஷன் பட்டத்தோட மேல கொண்டுவந்தான். மறு வருசமே லீக்ல ஆறாம் எடம். அர்ஜென்டினாவுல இருந்து பொச்செட்டினோன்னு ஒரு பய அப்பத்தான் அங்க வந்து தடுப்பாட்டம் ஆட ஆரம்பிச்சான். அவனும் பின்னால கோச்சாகி ஊரு ஊரா பெட்டி தூக்குனது உனக்கே தெரியும்.

மருமவனே, இங்க ஒரு புத்தி சொல்லுதேன். வாங்கிக்க, காசு வேண்டாம். கீழ கெடக்குற கிளப்பா பாத்துப் போ. அங்க நீ சொன்னா கேப்பான், ஏன்னா கேக்காம போனதுனாலதான் கீழ கெடக்கான். பெரிய கிளப்புல நீ சொல்லறதுக்கு முன்னாலயே ஜெயிச்சிருப்பான். உனக்கு அங்க என்ன வேலை?

1998 மே மாசம் ரியல் மாட்ரிட் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை ஜெயிச்சுது. முப்பத்திரண்டு வருசம் ஏங்கிக் கெடந்த கோப்பை. அதை வாங்கிக் குடுத்த கோச்சு யுப் ஹைங்கெஸுக்கு அந்தக் கிளப்பு என்ன மரியாதை செஞ்சுதுன்னு கேளு. வீட்டுக்கு அனுப்பிருச்சு. கோப்பையை வாங்கிக் குடுத்தவனுக்கே இந்தக் கதின்னா வாரவன் கதி என்னன்னு யோசிக்கணுமா வேண்டாமா? கமாச்சோ யோசிக்கல. சொந்த வீடுல்ல, வந்து ஒக்காந்தான்.

ஒக்காந்தவன் மூணு வாரத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தான். கிளப்புத் தலைவரு லோரென்சோ சான்ஸ். சண்டை எதுக்கு? எந்த நட்சத்திர ஆட்டக்காரனை வாங்கறதுன்னா? இல்ல. சம்பளமா? இல்ல. தனக்குக் கீழ வேலை பாக்குற ஆளை, உடற்பயிற்சி குடுக்குறவனை, யாரு தேர்ந்தெடுக்கறதுங்கிற தகராறு. ‘என் கூட வேலை பாக்கறவனை நாந்தான் போடுவேன்’னு இவன். ‘என் கிளப்புல எல்லாத்தையும் நாந்தான் போடுவேன்’னு அவரு. சரி, அப்ப என்னை எடுத்துருங்கன்னு இவன் போயிட்டான். புல்லு மொளைச்சுக்கிட்டிருந்த மைதானத்துல இவன் பேருல ஒரு பந்து கூட உருளல. அந்த நாற்காலிக்கு ஹாலந்துக்காரரு குஸ் ஹிடிங்க் வந்தாரு.

ஊரு பூரா சிரிச்சுருக்கும். பைத்தியக்காரன்னும் சொல்லியிருக்கும். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், ஆனா நடந்ததைப் பாரு. செப்டம்பர்ல ஸ்பெயின் தேசிய டீமு சைப்ரஸ்ல போயி 3-2-ன்னு தோத்துது. சைப்ரஸ்கிட்ட! கோச்சு ஹாவியர் கிளெமென்டே வேலை போச்சு. ஆளைத் தேடுனா, நல்ல கோச்சு ஒருத்தன் வேலைவெட்டி இல்லாம வீட்டுல இருக்கான். வா ராசான்னு கூட்டிட்டுப் போயி தேசிய டீமையே கையில குடுத்துட்டாங்க. கிளப்பு வேலையை மானத்தோட விட்டவனுக்கு நாலு வருசம் நாட்டு வேலை.

இதைக் கேட்டுட்டு நீ பாட்டுக்கு மூணாவது வாரம் ராஜினாமாவைத் தூக்கிப் போட்டுட்டு, இந்தியா டீமுலேருந்து போன் வரும்னு திண்ணையில ஒக்காந்துறாத. அவனுக்குப் பின்னால 9 லீக் பட்டம் நின்னுச்சு. உனக்குப் பின்னால நானும் உன் அத்தையுந்தான் நிக்கோம்.

தேசிய டீமுல அவன் காலம் நல்ல காலம்னுதான் சொல்லணும். 1999 மார்ச்ல வலென்சியாவுல ஆஸ்திரியாவை 9-0. ரவூல் மட்டும் நாலு கோல். 2000 ஐரோப்பியப் போட்டியில நார்வேகிட்ட முதல் ஆட்டமே தோத்துட்டு, முதல் சுத்தோட கடைசி ஆட்டத்துல யூகோஸ்லாவியாகூட 90 நிமிசம் முடிஞ்சப்ப 3-2-ன்னு பின்னால நின்னுச்சு. மூட்டை கட்ட வேண்டியதுதான். மென்டியெட்டா ஒரு பெனால்டி போட்டான். அடுத்தாப்புல அல்ஃபோன்சோ ஒண்ணு போட்டான். 4-3. அன்னைக்கு மட்டும் மூட்டையை அவுத்து வச்சாங்க. அடுத்த ஆட்டம் பிரான்ஸ்கூட. 2-1-ன்னு பின்தங்கி நிக்கிறப்ப, முடியப் போற நேரத்துல பெனால்டி கிடைச்சுது. ரவூல் அடிச்சான். மேல போச்சு. 1981-ல இவன் அடிச்சது எங்க போச்சோ அங்கதான். கமாச்சோ அந்தப் பயலைத் திட்டியிருக்க மாட்டான்னு நான் நெனைக்கேன். திட்டுறதுக்கு முகம் வேணும்ல.

2002 உலகக் கோப்பைக்குப் போறதுக்கு முன்னாலயே ஒரு கூத்து. முதல் கோல்கீப்பர் கனியிசாரெஸ் ஓட்டல் ரூம்ல சென்ட் பாட்டிலைக் கால்ல போட்டுக்கிட்டான். நரம்பு அறுந்து வீட்டுக்குப் போயிட்டான். அதனால இளவட்டம் காஸிலாஸ் நின்னான். அயர்லாந்துகூட பெனால்டியில காப்பாத்திக் குடுத்ததும் அவந்தான். நீ உன் டீம்ல என்ன ஒழுங்கு வேணும்னாலும் கொண்டா, ஆனா சென்ட் போடுற பயலுகளை மட்டும் ஒரு கண்ணு வச்சுக்க.

பெறவு தென்கொரியா. குவாங்ஜூ நகரம், ஜூன் 22. மதிய வெயில். இங்கதான் அந்தச் சட்டை. மருமவனே, நீ கமாச்சோன்னு பேரு சொல்லி எந்த ஸ்பெயின்காரங்கிட்ட கேட்டாலும் அவன் 9 லீக் பட்டத்தைச் சொல்ல மாட்டான், கிராய்ஃபைச் சொல்ல மாட்டான். கக்கத்துல ரெண்டு பக்கமும் வேர்வை குளம் கட்டுன நீலச் சட்டையைத்தான் சொல்லுவான். பதினஞ்சு வருசம் மைதானத்துல வேர்த்து ஊத்துனதை ஒருத்தனும் கண்டுக்கல. கோடு ஓரமா நின்னு வேர்த்ததை உலகமே டிவியில பாத்துச்சு. ஆட்டக்காரனுக்கும் கோச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை இதுக்கு மேல என்னால வெளக்க முடியாது.

அந்த ஆட்டத்துல நடந்தது அநியாயம். ரவூல் அடிபட்டு வெளிய. கூடுதல் நேரத்துல ஹோவாக்கின் கோட்டை ஒட்டிக் கொண்டுபோயித் தூக்கிப் போட, மோரியென்டெஸ் தலையால அடிச்சு உள்ள விட்டான். பந்து கோட்டைத் தாண்டி வெளிய போயிருச்சுன்னு கொடியைத் தூக்கிட்டாங்க. டிவியில திருப்பிப் போட்டுக் காட்டுனப்ப பந்து தாண்டவே இல்ல. நடுவரு எகிப்துக்காரரு. 0-0. பெனால்டிக்குப் போச்சு. யாரு தவற விட்டான்? அதே ஹோவாக்கின், இருபது வயசுப் பய. ஸ்பெயின் வெளிய. எதிர் டீம் கோச்சு யாருன்னு கேக்கலையே நீ? குஸ் ஹிடிங்க். நாலு வருசத்துக்கு முன்னால இவன் விட்டுட்டுப் போன நாற்காலியில வந்து ஒக்காந்தவரு.

போட்டி முடிஞ்சு கொஞ்ச நாள்லயே கமாச்சோ நாட்டு வேலையையும் விட்டுட்டான். இதையும் விட்டுட்டுப் போகச் சொல்லல எவனும். தானாப் போனான்.

அடுத்து போர்ச்சுகல்ல பென்ஃபிகா. அங்க ஒரு விசயத்தை மட்டும் கிண்டல் இல்லாம சொல்லிருதேன். 2004 ஜனவரி 25. மிக்லோஷ் ஃபெகேர்னு ஹங்கேரிக்காரப் பையன், 24 வயசு. மாத்து ஆளா எறங்குனவன், ஆட்டம் முடியற நேரத்துல லேசாச் சிரிச்சான், குனிஞ்சான், விழுந்தான். எழுந்திரிக்கவே இல்ல. அவனை அன்னைக்கு உள்ள அனுப்புன கோச்சு கமாச்சோ. மைதானத்துலயே கலங்கிப் போயி நின்னான். அந்தக் கலக்கத்தைத் தாங்கிக்கிட்டு அந்தப் பயலுகளைத் தேத்தி, மே மாசம் போர்ச்சுகல் கோப்பை இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனான். எதிரே மொரீனியோவோட போர்ட்டோ. கூடுதல் நேரத்துல 2-1. பென்ஃபிகாவுக்கு எட்டு வருசத்துல முதல் கோப்பை. தோத்த போர்ட்டோ பத்தே நாள்ல சாம்பியன்ஸ் லீக்கை ஜெயிச்சுது. அதாவது ஐரோப்பாவோட அரசனை அரசனாகறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால அடிச்சவன் நம்மாளு. விட்டுட்டுப் போறவன்னு சொல்லுதோமே, இந்தக் கோப்பையை விட்டுட்டா போனான்?

கோப்பையைக் கையில வச்சுக்கிட்டிருந்தவனுக்கு மறுபடியும் மாட்ரிட்லேருந்து அழைப்பு. தலைவரு வேற, ஃப்ளோரெண்டினோ பெரெஸ். ஆறு வருசத்துக்கு முன்னால சுட்ட எடந்தான. மறந்து போச்சு. சொந்த வீட்டுலேருந்து கூப்பிட்டா மனுசனுக்கு மறதி வந்துரும்.

இப்ப அங்க இருந்த கூட்டத்தைப் பாரு. ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவூல், பெக்காம், ராபர்ட்டோ கார்லோஸ். போதாதுன்னு மைக்கேல் ஓவனையும் வாங்கிப் போட்டாங்க. கல்யாண வீட்டுல ஆம்பளை அத்தனை பேரும் பட்டு வேட்டி கட்டி மாப்பிள்ளையா மணையில ஒக்காந்துட்டா, பந்தியில சாம்பார் வாளியைத் தூக்குறது யாரு? வாளி தூக்கியே பதினஞ்சு வருசம் ஓட்டுனவன் கமாச்சோ. அவனுக்குத் தெரியாதா? பின்னால நிக்க ஆளு வேணும்னு ரெண்டு பேரைச் சேத்தாங்க. ரோமாலேருந்து வால்டர் சாமுவேல். நியூகாஸில்லேருந்து ஜோனதன் வுட்கேட். இந்த வுட்கேட்டு வாரப்பவே அடிபட்டுக்கிட்டுத்தான் வந்தான். குணமாகி அவன் முதல் ஆட்டம் ஆடறப்ப ஒரு வருசம் போயிருச்சு. அந்த முதல் ஆட்டத்துல சொந்த வலைக்குள்ளயே ஒரு கோலைப் போட்டு, சிவப்பு அட்டையும் வாங்கிட்டு வெளிய வந்தான். நல்லவேளை, அதைப் பாக்க கமாச்சோ அங்க இல்ல.

எங்க போனான்னு கேக்கியா? 2004 ஆகஸ்ட் கடைசியில லீக் தொடங்குச்சு. மொத ரெண்டு ஆட்டமும் 1-0, 1-0-ன்னு ஜெயம். பெறவு ஜெர்மனியில லெவர்குசன்கிட்ட 3-0-ன்னு அடி. வந்து எஸ்பான்யோல்கிட்ட 1-0-ன்னு தோல்வி. எஸ்பான்யோல் ஞாபகம் இருக்குல்ல, இவன் கீழேருந்து தூக்கிவிட்ட கிளப்பு. வளத்த கடா மார்ல பாஞ்சுது. செப்டம்பர் 20-ஆம் தேதி இவன் கெளம்பிட்டான். லீக்ல மூணு ஆட்டம், அதுலயும் ரெண்டு ஜெயம். மத்தவனா இருந்தா அந்த ரெண்டு ஜெயத்தை வச்சு ரெண்டு வருசம் ஓட்டியிருப்பான்.

இந்தப் பயலுகக்கிட்டயிருந்து வேலை வாங்க என்னால முடியலைன்னு தெரிஞ்ச அன்னைக்கே எந்திரிச்சுட்டான். நம்மூருல முடியலைன்னு தெரிஞ்ச பெறவுதான் நாற்காலியை நல்லா இறுக்கிப் பிடிப்பான். அந்தக் கிளப்பு அந்த ஒரு வருசத்துல மட்டும் மூணு கோச்சைப் பாத்துச்சு. கமாச்சோவுக்கு உதவியா இருந்த கார்சியா ரெமோன் வந்தாரு, அவரும் போனாரு. பிரேசில்லேருந்து லக்ஸம்பர்கோ வந்தாரு. அந்த வருசம் லீக்கை ஜெயிச்சது பார்சிலோனா.

பிடிவாதம்னு நான் சொன்னேன், திமிருன்னு நீ நெனைச்சிருப்ப. திமிரு பிடிச்சவன் வேலையை விடமாட்டான் மருமவனே, அவனுக்குத் தோக்குறது கண்ணுக்கே தெரியாது. ஒத்தைக்கு ஒத்தையா ஆளைப் பிடிச்சு வளந்தவனுக்கு ஒரு கணக்கு உண்டு. எதிராளி என்னைத் தாண்டிட்டானா, தாண்டிட்டான். பின்னால நின்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தா அது ஃபவுல். அவன் ராஜினாமா அத்தனையும் எனக்கு அப்படித்தான் தெரியுது. உனக்கு வேற மாதிரி தெரிஞ்சா உன் கண்ணு உனக்கு, என் கண்ணு எனக்கு.

பெறவு 2007-ல திரும்பவும் பென்ஃபிகா. மறு வருசம் மார்ச்ல யூனியாவோ டி லெய்ரியாங்கிற டீம்கூட 2-2-ன்னு டிரா ஆச்சு. விட்டுட்டான். இப்ப உனக்கே பழகிருச்சு பாரு, ஆச்சரியமே படல.

ஒசாசுனா கதை மட்டும் வேற. ஸ்பெயின் வடக்க பாம்ப்லோனா ஊரு, காளை தெருவுல ஓடுற ஊரு. 2008 அக்டோபர்ல, கிளப்பு மூழ்குற நேரத்துல போனான். கடைசி நாள் வரைக்கும் இழுபறி. 2009 மே 31. கடைசி ஆட்டத்தை ஜெயிச்சாத்தான் பொழைக்கலாம். எதிராளி ரியல் மாட்ரிட்! 2-1-ன்னு ஜெயிச்சுக் கிளப்பைக் கரையேத்துனான். தன்னை வளத்த வீட்டையே அடிச்சு இன்னொரு வீட்டைக் காப்பாத்துனவன் மொகத்தை அன்னைக்குப் பாத்திருக்கணும். அங்க மட்டும் 2011 பிப்ரவரி வரைக்கும் தாக்குப் பிடிச்சான். அங்க அவனா விடல, அவங்கதான் அனுப்புனாங்க. சின்ன கிளப்புன்னா தாங்குவான், பெரிய கிளப்புன்னா தாங்க மாட்டான்னு நான் முதல்லயே சொன்னேனா இல்லையா?

நடுவுல 2010 உலகக் கோப்பைக்கு டிவியில பேசப் போனான். ஜோகன்னஸ்பர்க்ல இறுதி ஆட்டம். 116-ஆவது நிமிசம் இனியெஸ்டா கோல் போட்டதும் மைக்குல இவன் கத்துனான் பாரு, ‘என் உசுரே இனியெஸ்டா’ங்கிற மாதிரி. அந்தக் கத்தல் இன்னைக்கும் ஸ்பெயின் பூரா பிரசித்தம். தான் ஆடியும் ஜெயிக்காத கோப்பை, தான் கோச்சா நின்னும் ஜெயிக்காத கோப்பை. இனியெஸ்டா பார்சிலோனாக்காரன். பார்சிலோனாக்காரனை உசுரேன்னு கூப்பிட ஒரு பழைய மாட்ரிட்காரனுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்னு உனக்கு இப்பப் புரியாது.

அதோட நிறுத்தியிருக்கலாம். 2011-ல சீனா கூப்பிட்டுச்சு. தேசிய டீமு. 2014 உலகக் கோப்பைக்குத் தேறல. 2012-ல பிரேசில்கிட்ட 8-0. சரி, பிரேசில்கிட்ட யாரு தோக்கல. 2013 ஜூன் 15-ஆம் தேதி சீன மண்ணுலயே, ஹெஃபெய்ல, தாய்லாந்துகிட்ட 5-1. அதுக்குத்தான் சனம் கொதிச்சுப் போச்சு. ரெண்டு ஜெயத்தோட ரியல் மாட்ரிட்டை உதறுன மனுசன், 8-0 வாங்கிட்டு இருந்த எடத்துலயே இருந்தான். அவங்களாத்தான் அனுப்பி வச்சாங்க. ஏன் முன்னாலயே எந்திரிக்கலைன்னு கேக்காத. ஒப்பந்தத் தாளுன்னு ஒண்ணு இருக்கு. தானா எந்திரிச்சா சும்மா போகணும், அவனாப் போகச் சொன்னா காசைக் குடுத்துத்தான் சொல்லணும். மானம் வேற, காசு வேற. ரெண்டும் ஒரே பையில நிக்காது. வயசானா இந்தக் கணக்கு தானா வந்துரும். எனக்கு வந்துருச்சு.

கடைசியா ஆப்பிரிக்காவுல காபோன். 2016 டிசம்பர்ல பொறுப்பு; மறு மாசம் ஆப்பிரிக்கக் கோப்பை, அதுவும் சொந்த மண்ணுல. ஔபமெயாங் மாதிரி ஆட்டக்காரன் டீம்ல. கினி-பிசாவுகூட 1-1. புர்கினா ஃபாசோகூட 1-1. கமரூன்கூட 0-0. ஒரு ஆட்டம் தோக்கல. வெளிய போயிட்டாங்க. தடுப்பாட்டக்காரனோட கனவு முழுசா நிறைவேறுனா எப்படி இருக்கும்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. ஒருத்தனும் இவங்களை ஜெயிக்கல, இவங்களும் ஒருத்தனையும் ஜெயிக்கல. 2018-ல அதுவும் முடிஞ்சுது.

சரி, நேரமாச்சு. அந்த ஒப்பந்தத் தாளைக் கொண்டாந்திருக்கியா? குடு பாப்போம். சம்பளம் இருக்கட்டும், அதைப் பாத்தா எனக்குத்தான் வருத்தம். உனக்கு உதவி கோச்சா யாரை வைக்கணும்னு முடிவு பண்ணுறது யாரு? எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? திருப்பு, திருப்பு. இல்லையா? உடற்பயிற்சி குடுக்குறவனை? அதுவும் இல்லையா? கிளப்புத் தலைவரோட மச்சானாமா! நீ கையெழுத்து வேற போட்டுட்டியா?

போட்டாச்சுன்னா போயிட்டு வா. மூணு வாரம் கழிச்சு இந்தப் பக்கம் வருவேல்ல, அப்பப் பேசிக்கிடுவோம்.